தொழிற்சாலை வாயிலும் நம் பொறியியல் மாணவரும்

கல்லூரியும் தொழில் நிறுவனமும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன என்னும் செய்தி இக்காலத்து நாளிதழ்களில் அடிக்கடி வெளிவருகின்றது. நிறுவனம் தன் தொழிற்கூடத்தில் எழுந்த சிக்கல் ஒன்றை எடுத்துரைப்பதும், மாணவர் நால்வர் ஐவர் கூடி அதற்குத் தீர்வு காண்பதும், அத்தீர்வே அவர்தம் இறுதியாண்டுச் செயல்திட்டமாக ஏற்கப்படுவதும் பெரும் புதுமை எனப் பேசப்படுகின்றன. வரலாற்றை நோக்குமிடத்து, நம் நாட்டில் பொறியியற் கல்வி பிறந்ததே மெய்யான வேலையின் நடுவில்தான் என்பது விளங்கும். அவ்வேலைக்களத்தின் வாயில் யாருக்குத் திறந்தது, யாருக்கு அடைத்திருந்தது என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுவது.

1794-ஆம் ஆண்டில், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில், மைக்கேல் டாப்பிங் என்பாரின் முயற்சியால் சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்று எட்டு மாணவர்களுடன் தொடங்கப் பெற்றது. பின்னர் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. அந்த எண்மரும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளல்லர். அனாதை இல்லத்தில் வளர்ந்த சிறுவர்கள். கம்பெனிக்கு நிலத்தை அளக்க ஆள் வேண்டியிருந்தது. ஐரோப்பியரை வைத்து அளப்பதற்குச் செலவு மிகுதி. ஆகவே இச்சிறுவர்களுக்குக் கணிதமும் வரைபடமும் கற்பித்து, கையில் சங்கிலியும் கருவியும் தந்து களத்திற்கு அனுப்பினர். 1802-இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய லாம்டனுக்கு நெடுங்காலம் வலக்கையாக விளங்கிய ஜோசுவா டி பென்னிங், இப்பள்ளியிலிருந்து வந்தவரே. படிப்பு வேறு, வேலை வேறு என்னும் பிரிவினை அன்று இருக்கவில்லை. வடக்கே ரூர்க்கியிலும் இதே கதைதான்: கங்கைக் கால்வாய் வெட்டுவதற்கு ஆள் வேண்டியே 1847-இல் அங்குக் கல்லூரி எழுந்தது.

இவ்விடத்தில் ஒன்று சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. நம் மாவட்டம் ஏரிகள் நிறைந்த மாவட்டம். ஏரியின் மதகைத் திறந்து, எந்த மடைக்கு எத்தனை நாழிகை நீர் விடுவது என்று கணக்கிட்டவர் நீர்க்கட்டிகள். அவர்களுள் மிகப் பலர் நம் சேரியைச் சேர்ந்தவர்கள். கரை எங்கே கசியும், கலங்கல் எப்போது வழியும் என்பதை அவர்கள் காலால் நடந்து அறிந்திருந்தனர். அளவைக்காரர்கள் ஏரிகளைத் தாளில் ஏற்றியபோது அந்த அறிவு தாளில் ஏறவில்லை. அதற்குப் பொறியியல் என்று பெயர் சூட்டியவர் எவருமிலர்.

நூல் படிப்பும் தொழிற்களமும் பிரிந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். பட்டம் அரசுப் பணிக்கு வழியாயிற்று. பொதுப்பணித் துறையின் நாற்காலியே பொறியாளரின் குறிக்கோளாயிற்று. இப்பிளவை மீண்டும் இணைக்க அமெரிக்காவில் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் 1906-ஆம் ஆண்டு ஹெர்மன் ஷ்னைடர் ஒரு முறையை வகுத்தார். மாணவர் சில வாரம் வகுப்பிலும் சில வாரம் தொழிற்சாலையிலுமாக மாறி மாறிப் பயின்றனர். நம் தமிழகத்தில் இதற்கு நெருங்கிய முயற்சியைக் கோயம்புத்தூரில் காண்கின்றோம். பி.எஸ்.ஜி. அறநிலையம் 1926-இல் தொழிற்கூடம் ஒன்றை நிறுவிற்று. 1951-இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி அதே வளாகத்தில் அமைந்தது. எந்திரமும் நீரிறைக்கும் பம்பும் விற்பனைக்குச் செய்யப்படும் இடத்திலேயே மாணவரும் பயின்றனர். 'சாண்ட்விச்' படிப்பு என்று வழங்கும் ஐந்தாண்டுப் படிப்பும் அங்கே நிலைபெற்றது.

நமக்கு இன்னும் அண்மையில் நின்று பாடம் புகட்டுவது தோல் தொழிலே. 1989-இல் பிரியும்வரை திருவண்ணாமலையும் வேலூரும் வட ஆற்காடு என்னும் ஒரே மாவட்டம். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் சாலைகள் அம்மாவட்டத்தின் பெருந்தொழில். பிரிவினைக்குப் பின் வேலூர்ப் பகுதி சில ஆண்டுகள் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று வழங்கியதை மூத்தோர் நினைவுகூர்வர். தோலைத் தொட்டவன் தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கிய சமூகம் இது. சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலை உரித்துக் கழுவியவர் நம்மவர். அத்தொழிலே 1948-இல் சென்னை அடையாற்றில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தால் அறிவியலாயிற்று. 1958 முதல் 1971 வரை அதன் இயக்குநராக இருந்த டாக்டர் எலவர்த்தி நாயுடம்மா, ஆய்வுக்கூடமும் பல்கலைக்கழகமும் தொழிலும் ஒரே குடும்பமாக இயங்க வேண்டும் என்னும் கொள்கையினர். குண்டூர் மாவட்டத்து உழவர் குடியில் பிறந்த அவர் 1985-இல் கனிஷ்கா விமான விபத்தில் மறைந்தார். தோல் தொழில்நுட்பம் படிக்கும் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்க்கு அந்நிலையத்தின் அறிவியலாளரே ஆசிரியர். அதன் மாதிரித் தோல் சாலையே செய்முறைக்கூடம். நிறுவனமும் மாணவரும் கூடிச் செய்யும் வேலைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு நம் மாநிலத்தில் அரிது என்பது நம் கருத்து.

1996-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் உச்ச நீதிமன்றம் பாலாற்றைக் கெடுத்த தோல் சாலைகளின் மீது கடுந்தீர்ப்பு வழங்கியதும், கழிவுநீரைத் தூய்மையாக்கும் வழி காண்பதே அத்தொழிலின் முதற்கவலையாயிற்று. குறைந்த நீரில், குறைந்த குரோமியத்தில் தோலைப் பதனிடுவது எவ்வாறு என்பது தேர்வுத்தாளில் மட்டும் எழுதும் வினாவன்று. ஆற்றங்கரைக் கிணறுகளும் வயல்களும் அவ்வினாவின் விடையை எதிர்நோக்கியிருந்தன. ஆயினும் நாம் கேட்பது இது: குழியில் இறங்கியவரின் பேரன் ஆய்வுக்கூடத்திற்குள் எத்தனை பேராக நுழைந்தான்?

இக்கேள்வியை அண்ணல் அம்பேத்கர் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருந்தார். வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அவர், 1942 அக்டோபரில் லின்லித்கோ பிரபுவிடம் தாழ்த்தப்பட்டோர் குறைகளைப் பற்றிய விண்ணப்பம் ஒன்றை அளித்தார். கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் மட்டும் நம்மை உயர்த்தா, அறிவியலும் தொழில்நுட்பமும் வேண்டும் என்பது அதன் சாரம். உதவித்தொகை கேட்டதோடு அவர் நின்றாரில்லை. அரசு அச்சகங்களிலும் இரயில்வே பணிமனைகளிலும் நம் பிள்ளைகளைத் தொழில் பழகுநராகச் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டார். உதவித்தொகை 1944-இல் வந்தது. இன்று நம் கல்லூரி மாணவர் பெறும் மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகைக்கு அதுவே வேர். பணிமனை வாயிலைப் பற்றிய கோரிக்கையோ சட்டமாவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டம் 1973-இல் திருத்தப்பட்டபோதுதான் பொறியியல் பட்டதாரிகளும் பட்டயதாரிகளும் அதனுள் வந்தனர். அதே திருத்தத்தில்தான் '3 அ' என்னும் பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு தொழிலிலும் வேலையளிப்போர், மாநிலத்து மக்கள்தொகையை ஒட்டி, ஆதிதிராவிடர்க்கும் பழங்குடியினர்க்கும் பயிற்சி இடங்களை ஒதுக்க வேண்டும் என்கின்றது அப்பிரிவு. தனியார் நிறுவனமும் இதற்கு விலக்கன்று. இப்பிரிவை அறிந்த பெற்றோரை நாம் இதுவரை விரல்விட்டு எண்ணும் அளவிலேயே கண்டுள்ளோம்.

எனினும் சட்டத்திற்கு எல்லை உண்டு. பழகுநர் பயிற்சியை அது ஆளும். இறுதியாண்டுச் செயல்திட்டத்திற்காக மாணவன் தானே தேடிப் போகும் நிறுவனத்திற்கு அது எக்கடமையும் விதிக்கவில்லை. அங்கே இடம் கிடைப்பது அறிமுகத்தால். தந்தை மேலாளராக இருக்கும் பிள்ளைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். செங்கல் சூளையில் வேலை செய்வோரின் மகன் யாரை அழைப்பான்? நம்மிடம் பயின்ற மாணவர் சிலர் ஏழெட்டு நிறுவனங்களுக்கு மடல் எழுதி மறுமொழியின்றிப் போனதையும், கடைசியில் சென்னையில் செயல்திட்டங்களை ஆயத்தமாக விற்கும் கடையொன்றில் கடன் வாங்கிப் பணம் கட்டி வந்ததையும் நாம் அறிவோம். விலைக்கு வாங்கிய செயல்திட்டத்தைப் பற்றி நேர்முகத் தேர்வில் இரண்டாவது கேள்வி கேட்டால் அவர்களால் விடை கூற இயலவில்லை. சேர்க்கையில் இட ஒதுக்கீட்டால் பெற்ற இடம், இந்த ஓராண்டில் பாதி பயனிழந்து போகின்றது.

வாய்ப்பு கிட்டினால் மாணவர் என்ன செய்வர் என்பதற்குச் சான்று தேடி வெகுதொலைவு செல்ல வேண்டுவதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்து ஆசிரியரும் மாணவரும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் துணையோடு உருவாக்கிய 40 கிலோ எடையுள்ள 'அனுசாட்' செயற்கைக்கோள் 2009 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதற் செயற்கைக்கோள் அது. 2017 முதல் நடைபெறும் 'ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்' போட்டியில் அரசுத் துறைகளே தம் சிக்கல்களைப் பட்டியலிட்டு மாணவர் முன் வைக்கின்றன. 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 விழுக்காடு முன்னுரிமை கிடைத்தது. 2022 மார்ச்சு முதல் நாளில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் நிறுவனங்களின் பயிற்சியைக் கல்லூரிக்குள் கொணர்ந்தது. கதவுகள் முன்னைவிடப் பல என்பதில் ஐயமில்லை.

நம் சுற்றுப்புறத்திலும் இடங்கள் உள. ஆரணியை அடுத்த தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இயங்குகின்றது. இராணிப்பேட்டையில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவித் தொழிற்சாலை உள்ளது. செய்யாற்றுச் சிப்காட் வளாகத்துக் காலணித் தொழிற்சாலைக்கு நம் மாவட்டத்துப் பெண்கள் பேருந்து பேருந்தாகச் செல்கின்றனர். இத்தொழிற்சாலைகளிலும் மின்வாரியத்திலும் நம் சமூகத்தார் மேற்பார்வையாளராகவும் தொழில்நுட்பராகவும் பணிபுரிகின்றனர். ஆயினும் எவர் எங்கே இருக்கின்றார் என்பது நம்முள் ஒருவருக்கும் முழுமையாகத் தெரியாது. அவர்தம் பெயர், பணியிடம், துறை ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதிக் கழக அலுவலகத்தில் வைக்க வேண்டுமென்று செயற்குழுவினரிடம் எழுத்து வாயிலாகக் கேட்டுள்ளோம். மூன்றாம் ஆண்டு முடியும் கோடை விடுமுறைக்கு முன்பே மாணவர் வந்து அதனைப் பார்க்கலாம். பழகுநர் சட்டத்தின் '3 அ' பிரிவைத் தமிழில் தட்டச்சு செய்து அதன் முதற்பக்கத்தில் ஒட்டுவதற்கும் எடுத்து வைத்திருக்கின்றோம்.