'பாபி' போட்ட ஞாயிற்றுக்கிழமை

ஜனக்புரியில் வீடு பார்த்திருக்கிறேன், பக்கத்தில்தான் திகார் என்று சொன்னதும் ஊரில் அம்மாவுக்கு பயம் வந்துவிட்டது. எமர்ஜென்சியில் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார், சரண் சிங் எல்லாம் உள்ளே இருந்த ஜெயில்தானம்மா என்றேன். ம்ஹூம், சமாதானமாகவில்லை!

1975 ஜூன் 25 இரவு வந்தது எமர்ஜென்சி. விசாரணையே இல்லாமல் ஒரு லட்சம் பேருக்கு மேல் உள்ளே போனார்கள். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. 1976-77ல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேல் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்கள், வடக்கே நிறைய பேருக்கு வலுக்கட்டாயமாக. இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. எனக்குப் பிடித்தது எதிர் பிளாட் சர்தார்ஜி சொன்ன கதை.

1977 ஜனவரி 18ல் தேர்தல் அறிவித்தார் இந்திரா. பிப்ரவரி 6, ஞாயிறு, ராம்லீலா மைதானத்தில் எதிர்க்கட்சிகளின் கூட்டம். ஜெயப்பிரகாஷ் நாராயணும், நாலு நாள் முன்புதான் அமைச்சர் பதவியை உதறிய ஜகஜீவன் ராமும் பேசுகிறார்கள். ஜனங்களை வீட்டிலேயே உட்கார வைக்க தூர்தர்ஷன் அன்று 'பாபி' படத்தைப் போட்டது. (ராஜ்கபூர் படம், ஓசியில்! நானாக இருந்தால் வீட்டிலேயே இருந்திருப்பேன்.)

சர்தார்ஜி அப்போது கரோல்பாக்கில் இருந்தார். நடந்தே கிளம்பியிருக்கிறார். வழியில் பார்த்தால் மாடி வீட்டுக்காரரும் அதே திசையில் போகிறார். இருபது மாசமாக இருவரும் அரசியல் ஒரு வார்த்தை பேசியதில்லை, அவர் போட்டுக் கொடுப்பாரோ என்று இவருக்கும், இவர் கொடுப்பாரோ என்று அவருக்கும் பயம். "அப்பவும் பேசிக்கல. சேர்ந்து நடந்தோம்" என்றார். மைதானம் நிரம்பி வழிந்ததாம்.

மார்ச்சில் தில்லியின் 7 தொகுதிகளும் ஜனதாவுக்கு. உ.பி.யில் 85க்கு 85 போனது, ரேபரேலியில் இந்திராவே தோற்றார்.

"உங்க ஊர்ல என்ன பண்ணீங்க?" என்றார் சர்தார்ஜி. கொஞ்சம் சங்கடம்தான். தமிழ்நாட்டின் 39ல் 34 காங்கிரஸ், அ.தி.மு.க. அணிக்கு! இத்தனைக்கும் 1976 ஜனவரி 31ல் தி.மு.க. ஆட்சியைக் கலைத்து, மிசாவில் ஆட்களைப் பிடித்து, சென்னை ஜெயிலில் அடி வாங்கிய முன்னாள் மேயர் சிட்டிபாபு இறந்தும் போயிருந்தார்.

அன்று ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டு, 77ல் யாருக்குப் போட்டீங்க என்று கேட்டேன்.

"இந்திராவுக்குத்தான். ரயிலெல்லாம் நேரத்துக்கு வந்துதேடா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "பேப்பர்ல ஒண்ணுமே போடலையே" என்றார்.