நகரசபைத் தலைவர் நாற்காலியில் ஜவஹர்லால் நேரு

பண்டித ஜவஹர்லால் நேரு என்றதும் நம் நினைவில் எழுவது, செங்கோட்டையில் கொடியேற்றிய முதல் பிரதமரின் தோற்றமே. 1947 முதல் 1964 வரை நாட்டை வழிநடத்திய அப்பெருமகன், அதற்கு இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நகரத்தின் குடிநீரையும் சாக்கடையையும் வரிப்பட்டியலையும் கவனிக்கும் பொறுப்பில் அமர்ந்திருந்தார் என்பதை நம்மில் பலர் அறியோம். 1923 முதல் 1925 வரை அவர் அலகாபாத் நகரசபையின் தலைவர். (அந்நகரம் 2018-இல் பிரயாக்ராஜ் எனப் பெயர் மாற்றம் பெற்றது.) தம் சுயசரிதையில் இப்பணிக்கென ஓர் அத்தியாயத்தையே அவர் ஒதுக்கியுள்ளார். புகழ்பெற்ற குடும்பத்தில் பிறந்த ஒருவர் ஊர்ப் பொறுப்புக்கு வரும்போது எப்படி நடந்துகொண்டார் என்பதை அறிய அவ்விரண்டு ஆண்டுகள் நமக்கு நல்ல சான்றாகும்.

தந்தையின் நிழல்

1861-இல் பிறந்த மோதிலால் நேரு, அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் தலைசிறந்த வழக்கறிஞர்களுள் ஒருவர். இளம்பருவத்தில் பார்சியும் அரபியும் கற்று, அதன் பின்னரே ஆங்கிலக் கல்விக்குச் சென்றவர். அவருடைய ஆனந்த பவன் மாளிகை வட இந்திய அரசியலின் தலைவாசலாக விளங்கியது. 1919-இல் அமிர்தசரஸ் காங்கிரசுக்குத் தலைமை வகித்தார். 1923-இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸுடன் சேர்ந்து சுயராஜ்யக் கட்சியைக் கண்டார்.

அக்குடும்பத்தில் 1889-இல் பிறந்த ஜவஹர்லால், ஹாரோவிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்று, பாரிஸ்டராகி 1912-இல் தாயகம் திரும்பினார். சிறுவயதில் அவருக்குக் கதை சொல்லி மடியில் வளர்த்தவர்களுள் முன்ஷி முபாரக் அலி என்ற பெரியவரும் ஒருவர். 1857-ஆம் ஆண்டுப் புரட்சியில் சிதைந்துபோன பதாயூன் குடும்பமொன்றைச் சேர்ந்தவர் அவர். வயது முதிர்ந்த பின்னும் நேரு அவரை அன்புடன் நினைவுகூர்ந்து எழுதியுள்ளார்.

இத்தகைய பின்னணி உள்ள ஒருவருக்குப் பதவி எளிதில் வாய்ப்பது இயல்பு. ஆனால் 1921-இன் இறுதியில் தந்தையும் மகனும் சிறை புகுந்தனர். மகன் இரண்டாம் முறை சிறை சென்று 1923 ஜனவரி இறுதியில் விடுதலையானார். நகரசபைத் தலைமை அவரிடம் வந்தபோது அவர் சிறையிலிருந்து வெளிவந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

முக்கால் மணி நேரத்தில் வந்த பதவி

தலைமைப் பதவிக்கு முதலில் எண்ணப்பட்டவர் ஜவஹர்லால் அல்லர்; புருஷோத்தம தாஸ் தாண்டன் ஆவார். அவர் தியாகத்தில் குறைந்தவரல்லர். எனினும் சபையின் முஸ்லிம் உறுப்பினர்கள் அவரை ஏற்க முன்வரவில்லை. வெல்லக்கூடிய ஒருவரைத் தேடியபோது இறுதி நேரத்தில் ஜவஹர்லாலின் பெயர் எழுந்தது. தேர்தலுக்கு முக்கால் மணி நேரத்துக்கு முன்பு வரை தம் பெயரை எவரும் குறிப்பிட்டிருக்கவில்லை என அவரே எழுதியுள்ளார்.

இந்நிகழ்ச்சி சிந்திக்கத்தக்கது. குடும்பப் பெயர் அவரை வாசல் வரை கொண்டு வந்திருக்கலாம். கதவைத் திறந்துவிட்டது, இரு சமுதாயத்தாரும் இவரை நம்பலாம் என்ற எண்ணமே. அந்நாளில் அந்த நம்பிக்கை அரிதாகிக்கொண்டிருந்தது. பள்ளிவாசல் முன்னே மேளம் கொட்டுவது குறித்த பூசல்கள் ஐக்கிய மாகாணத்தின் ஊர்தோறும் தலைதூக்கின. அலகாபாத்திலும் 1924-இல் கலவரம் மூண்டது. அவ்வாண்டு செப்டம்பரில் தில்லியில் மௌலானா முஹம்மது அலியின் இல்லத்திலேயே காந்தியடிகள் ஒற்றுமை வேண்டி 21 நாள் உண்ணாநோன்பு மேற்கொண்டார். ஒருமித்த மனத்துடன் ஒரு நகரசபையை நடத்துவதே அரும்பெரும் செயலாக இருந்த காலம் அது.

விலங்கு பூண்ட தலைவர்

பதவியேற்ற ஆண்டிலேயே சோதனை வந்தது. பஞ்சாபைச் சேர்ந்த நாபா சமஸ்தானத்தில் சீக்கியர்கள் நடத்திய அறப்போரைக் காண, 1923 செப்டம்பரில் ஜவஹர்லால் ஜெய்த்தோ என்ற ஊருக்குச் சென்றார். உடன் சென்றவர்கள் ஆச்சார்ய கித்வானியும் நம் தமிழகத்தின் கே. சந்தானமும். மூவரும் கைதாயினர். ஜவஹர்லாலின் கையையும் சந்தானத்தின் கையையும் ஒரே விலங்கில் பிணைத்துத் தெரு வழியே நடத்திச் சென்றனர்.

செய்தி கேட்டுத் துடித்த மோதிலால், வைஸ்ராய்க்கே தந்தியடித்தார், நாபாவுக்கும் விரைந்தார். மகனோ, வழக்கறிஞரை வைத்து வாதாடவும் உடன்படவில்லை. தமக்காகத் தந்தை கவலைப்பட்டு முயல்வதையும் விரும்பவில்லை. இறுதியில் தண்டனை விதித்து, அதை நிறுத்திவைத்து, மூவரையும் வெளியேற்றினர். சிறையின் சீர்கேட்டால் மூவரையும் டைபாய்டு காய்ச்சல் பற்றியது. பெரிய இடத்துப் பிள்ளை என்னும் சலுகையை ஏற்க மனம் கூசிய அந்தப் பண்பையே நாம் இங்குச் சுட்ட விரும்புகிறோம். அன்று அவருடன் ஒரே விலங்கில் பிணைக்கப்பட்ட சந்தானம், நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் நேருவின் ஆட்சியிலேயே ஊழல் தடுப்புக் குழுவின் தலைவரானார். அக்குழுவின் பரிந்துரையால் 1964-இல் மத்திய கண்காணிப்பு ஆணையம் அமைந்தது.

வரிச்சுமை யார் தோளில்?

நகரசபைப் பணியை அவர் வெறும் அலங்காரமாகக் கொள்ளவில்லை. நிர்வாக நுணுக்கங்களைக் கற்றார், கடுமையாக உழைத்தார். நகரசபைப் பள்ளிகளில் நூற்புக்கு இடமளித்தார். விலைமாதரை நகரின் ஒரு மூலைக்கு ஒதுக்கிவிடும் யோசனை வந்தபோது, அவர்களைச் சீரழிக்கும் ஆண்களை ஒதுக்கிவைக்க எந்த மூலையைத் தேர்ந்தெடுப்பது என்னும் கருத்துப்பட வினவினார்.

அவர் மனத்தை மிகவும் உறுத்தியது வரியும் செலவும். செல்வரும் அதிகாரிகளும் வாழ்ந்த சிவில் லைன்ஸ் பகுதியில் அகன்ற சாலைகளும் நல்ல துப்புரவும் இருந்தன. ஏழை எளியோர் நெருங்கி வாழ்ந்த நகர்ப்பகுதி கவனிப்பாரற்றுக் கிடந்தது. ஊருக்குள் வரும் பொருள்கள் மீது விதித்த சுங்கம் உணவுப் பண்டங்களின் விலையையும் உயர்த்தியது. அதன் பளு ஏழையின் தலையிலேயே அதிகம் விழுந்தது.

இதற்கு மாற்றாக, நிலத்தின் மதிப்புக்கேற்ப வரி விதிக்கலாமே என்றார் தலைவர். அது சட்டத்துக்கு முரணானது என்று மாவட்ட மாஜிஸ்ட்ரேட் தடுத்துவிட்டார். அவ்வரி வந்திருப்பின் அதன் பெரும்பகுதி, பரந்த தோட்டங்களுக்கு நடுவே நின்ற பங்களாக்களின் உரிமையாளர்கள் மீதே விழுந்திருக்கும். ஆனந்த பவன் போன்ற மாளிகைகளும் அதற்குத் தப்பியிரா. தம் வீட்டையும் தொடக்கூடிய வரியை ஒருவர் தாமே முன்மொழிந்தார் என்பது இன்றும் வியப்புக்குரியது.

விலகலும் மதிப்பீடும்

1923 டிசம்பரில் காக்கிநாடா காங்கிரசுக்குத் தலைமை வகித்த மௌலானா முஹம்மது அலி, ஜவஹர்லாலை வற்புறுத்திக் காங்கிரசின் பொதுச்செயலாளர் ஆக்கினார். இரு பொறுப்பும் ஒருவருக்குச் சுமையாயின. நகரசபைப் பதவியை விட்டுவிட அவர் முன்னரே முயன்றார். சக உறுப்பினர்கள் விடவில்லை. அரசியலில் அவரோடு மாறுபட்ட மாகாண அரசாங்கமே அவருடைய நகரசபைப் பணிகள் சிலவற்றைப் பாராட்டியது. இரண்டு ஆண்டுகள் கழித்து 1925-இல் விலகிக்கொண்டார்.

தம் பணியைப் பற்றி அவர் பெருமை பேசவில்லை. அதிகாரம் முழுவதையும் மேலிடத்தில் வைத்துக்கொண்டு, கையைக் கட்டிப்போட்ட உள்ளாட்சியில் பெரிய மாற்றம் எதுவும் செய்ய இயலாது என்பதே அவர் கண்ட முடிவு. அந்நாளில் அகமதாபாத்தில் வல்லபாய் பட்டேல், கல்கத்தாவில் தாஸ், பாட்னாவில் ராஜேந்திர பிரசாத் ஆகியோர் இதே பள்ளியில் பாடம் பயின்றனர். அவர்களுக்கு முன்பே சேலத்தில் ராஜாஜியும் ஈரோட்டில் பெரியார் ஈ.வெ.ரா.வும் நகரசபைத் தலைவர்களாய்ப் பணியாற்றியிருந்தனர்.

குடும்பச் செல்வாக்கு நேருவுக்கு என்றுமே உதவவில்லை என்று நாம் கூறவில்லை. மகனைக் காங்கிரஸ் தலைவராக்குமாறு மோதிலால் 1928-இல் காந்தியடிகளுக்கு எழுதியதும், 1929-இல் லாகூரில் தந்தையிடமிருந்து மகன் தலைமை ஏற்றதும் வரலாறு. பின்னர் அக்குடும்பத்திலிருந்து மேலும் இரு பிரதமர்கள் வந்ததையும் நாடறியும். வாரிசு அரசியல் நன்றா தீதா என்ற விவாதம் அன்று தொடங்கி ஓயவில்லை.

நமக்குரிய பாடம்

1992-இல் நிறைவேறிய 73, 74-ஆம் அரசியல் சட்டத் திருத்தங்களுக்குப் பின் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் அரசியல் சட்டப் பாதுகாப்பு கிடைத்துள்ளது. நேரு ஏங்கிய அதிகாரம் முழுமையாக வராவிடினும் வழி திறந்திருக்கிறது. நம் சமுதாயத்து இளைஞர்களும் பெண்களும் வார்டு உறுப்பினர்களாக வரும் வாய்ப்பும் பெருகியுள்ளது. அவர்களுள் சிலர் செல்வாக்குள்ள குடும்பத்தினராயிருக்கலாம், அது குற்றமன்று. ஆனால் நாம் வாக்களிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. தம் வீட்டைத் தொடும் வரியையும் முன்மொழிய இவர் துணிவாரா? தந்தையின் தந்திக்காகக் காத்திராமல் சோதனையைத் தாமே தாங்குவாரா? தமக்கு வாக்களிக்காத தெருவுக்கும் குழாய் நீர் வரச் செய்வாரா? மாற்றுச் சமுதாயத்தார் இவரை நம்பிக் கதவைத் திறப்பார்களா?

ஜமாஅத் நிர்வாகமாயினும் நகரசபையாயினும் பொறுப்பு ஓர் அமானிதமே. பாட்டனாரின் பெயரால் நாற்காலி கிடைக்கலாம். அந்த நாற்காலிக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டியவர் அதில் அமர்ந்தவரேயாவார். அலகாபாத்தின் அந்த இரண்டு ஆண்டுகள் நமக்கு உணர்த்துவது இதுவே.