உளவளத்துணையும் யாழ்ப்பாணச் சமுதாயமும்

துயரத்துக்கும் வரலாறு உண்டு. போர்களையும் ஆட்சி மாற்றங்களையும் ஆண்டு வரிசையாகக் கற்பிக்கும் நாம், அவற்றினால் உறக்கமிழந்த மக்களின் மனநிலை பற்றி மாணவருக்கு எதுவும் சொல்வதில்லை. இன்று கைத்தொலைபேசியின் திரையிலே முகம் பார்த்துப் பேசி, குடும்பப் பிணக்குக்கும் நாளாந்த மன அழுத்தத்துக்கும் உதவி பெறும் வழி தோன்றியிருக்கிறது. 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்கால ஊரடங்கு அதனை விரைவுபடுத்தியது. இதனைப் புதுமை என்று வியப்பவரும், மேனாட்டு மோகம் என்று ஒதுக்குபவரும் நம்மிடையே உளர். இரு சாராரும் இதன் பின்னுள்ள வரலாற்றை நோக்கினாரல்லர்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே வைத்தியக் கல்வியைத் தமிழிற் புகட்டினார். உடலமைப்பு, சத்திரசிகிச்சை, பிரசவம் ஆகிய துறைகளிலே தமிழ் நூல்களை வெளிக்கொணர்ந்தார். மிசனின் சமய நோக்கம் எதுவாயினும், விஞ்ஞானம் மக்களின் மொழியிலேயே மக்களை அடையும் என்பதை அவர் செயலிற் காட்டினார். 1873இல் அவர் தாயகம் திரும்பினார். அதே ஆண்டிலேதான் குடியேற்ற அரசு மனநோயாளர் பற்றிய கட்டளைச் சட்டத்தை இயற்றியது. நோயாளியின் உள்ளத்தில் என்ன நிகழ்கின்றது என்பதிலும் பார்க்க, அவரை எங்கே அடைத்துவைப்பது என்பதிலேயே அச்சட்டம் கருத்தூன்றியது. குடாநாட்டிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றருக்கு அப்பால், தமிழ் வழங்காத சூழலிலே, நோயாளர் தங்கவைக்கப்பட்டனர். பின்னாளில் ‘அங்கொடை’ என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல் ஆயிற்று. மனநோய் என்றால் அடைப்பு, அவமானம் என்ற எண்ணம் நம் மக்களிடையே வேரூன்றியமைக்கு இவ்வரலாறும் ஒரு காரணமாகும்.

ஆயின், அங்கொடைக்கு அனுப்பப்படாத அன்றாடத் துயரங்கள் எங்கே சென்றன? திண்ணையிலிருந்த பெரியவரிடமும், பரியாரியாரிடமும், சாத்திரியாரிடமும், கோயில் வாசலுக்கும் சென்றன. இவற்றால் மக்கள் ஆறுதல் பெற்றனர் என்பதை மறுத்தல் நேர்மையாகாது. எனினும், அந்தத் திண்ணையில் எல்லாரும் அமர முடிந்ததா? ஒடுக்கப்பட்ட சாதியார் முற்றத்திலே நின்றனர். கணவனின் கொடுமையைச் சொல்லவந்த பெண்ணுக்குப் ‘பொறுத்துப் போ’ என்பதே தீர்ப்பாயிற்று. கேட்ட செவி அதிகாரமுடையோரின் செவியாக இருந்தமையே அதன் குறைபாடு.

போர், பழைய ஆறுதல்களையும் சிதைத்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, திண்ணையும் கோயிலும் அயலும் ஒருங்கே இழக்கப்பட்டன. உளமருத்துவரோ விரல்விட்டு எண்ணத்தக்கவராயிருந்தனர். இந்த நெருக்கடியின் நடுவிலேதான் யாழ்ப்பாணத்தின் தனிச்சிறப்பான பணி உருவாகியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், தனிமனிதரின் காயத்தோடு சமுதாயத்தின் கூட்டுக் காயத்தையும் ஆராய்ந்தார்; அவரது ஆங்கில நூல் 1998இல் வெளிவந்தது. ‘மனவடு’ என்ற அவரது தமிழ் நூல், உள்ளத்துக் காயத்தை ஊராரின் மொழியிற் பேசியது. 1987இல் தோன்றிய சாந்திகம் என்ற நிறுவனம் உளவளத்துணைப் பணியை மேற்கொண்டது. ஆசிரியர்களும் சுகாதார ஊழியர்களும் கிராமத் தொண்டர்களும் பயிற்றப்பட்டனர். மேனாட்டுத் தளர்வுப் பயிற்சிகளுக்கு ஈடாக, சைவருக்கு மந்திர உச்சாடனமும் சாந்தி ஆசனமும், கத்தோலிக்கருக்குச் செபமாலையும் என, அவரவர் அறிந்த வழிகளே சிகிச்சையிற் கையாளப்பட்டன. கிறீன் உடலுக்குச் செய்ததை, ஒரு நூற்றாண்டின் பின் இவர்கள் உள்ளத்துக்குச் செய்தனர் எனலாம்.

உலகின் அனுபவமும் இதனோடு ஒத்துச் செல்கின்றது. 1953இல் இலண்டனிலே சாட் வரா என்ற மதகுரு, துயருற்றோர் தொலைபேசியில் அழைத்துப் பேசும் பணியைத் தொடக்கினார். விரைவிலே, பொறுமையுடன் கேட்கும் சாதாரணத் தொண்டர்களே அதன் உயிர்நாடியாயினர். இலங்கையில் 1974இல் சுமித்திரயோ அவ்வழியிற் பிறந்தது. 2006இல் சிம்பாப்வேயிலே வைத்தியர் டிக்சன் சிபாண்டா, பயிற்சி பெற்ற பாட்டிமாரை மரத்தடி வாங்குகளில் அமர்த்தினார். வருபவர் தம் பிரச்சினைகளை வரிசைப்படுத்துவார். அவற்றுள் ஒன்றைத் தெரிவார். அடுத்த கிழமைக்குள் செய்யத்தக்க சிறு காரியம் ஒன்றைத் தாமே தீர்மானிப்பார். செய்து பார்த்து மீண்டும் வருவார். இவ்வெளிய முறை மனச்சோர்வைக் கணிசமாகக் குறைத்தமை 2016இல் வெளியான ஆய்வினால் உறுதியாயிற்று.

திரைவழி உதவியும் இத்தகைய முறைகளையே தூரம் கடந்து கொண்டுசெல்கின்றது. நெடுந்தீவிலுள்ள தாயொருத்தி படகேறாமலே பேசலாம். அயலார் கண்ணில் படாமல் ஓர் இளைஞன் பேசலாம். எனினும் தொலைபேசி கணவனின் கையிலிருக்கும் வீட்டிலே, ஒற்றை அறையிலே, தரவுக்குப் பணமில்லாத நாளிலே, அந்தத் திரையும் பழைய திண்ணையைப் போல் சிலருக்கே உரியதாகிவிடும். கட்டணம் பெறும் தனியாரிடம் மட்டும் இது விடப்படுமாயின், அவ்வாறே நேரும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் போன்ற பொதுச்சேவைகள், தகுந்த தமிழ் பேசும் பணியாளருடன் விரிவடைதல் வேண்டும் என நாம் கோருவது இதனாலேயாகும்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. நுண்கடனில் மூழ்கிய பெண்ணுக்கு மூச்சுப்பயிற்சி உறக்கம் தரலாம்; வட்டியைக் குறைக்காது. வறட்சி பாதித்த மாவட்டங்களிலே பெண்களின் நுண்கடன்களுக்கு 2018இல் அரசு நிவாரணம் அறிவித்தபோது, அக்கண்ணீர் தனிமனித பலவீனமன்று என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. இலங்கையின் தற்கொலை விகிதம் 1995 அளவில் இலட்சம் பேருக்கு 47 ஆக உயர்ந்திருந்தது. பின்னர் அது பெரிதும் வீழ்ந்தமைக்கு, கொடிய பூச்சிநாசினிகளைத் தடைசெய்த கொள்கை முக்கிய காரணமென ஆய்வாளர் காட்டியுள்ளனர். காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாய்க்கோ ஆறுதலும் வேண்டும், உண்மையும் வேண்டும். உளவளத்துணை மனிதரை எழுந்து நிற்கச் செய்யும். நின்றவர் நடப்பதற்குரிய பாதையைச் சமுதாயமே அமைத்தல் வேண்டும்.

ஆசிரியராகிய நமக்கு இவ்வரலாறு வெறும் செய்தியாகாது. வகுப்பின் கடைசி வாங்கிலிருந்து யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் மாணவியைக் ‘கவனமில்லாதவள்’ என்று அடையாளமிடுமுன், பாடம் முடிந்தபின் ஐந்து நிமிடம் அவளோடு அமர்ந்து கேட்போமாக. நமக்கு அப்பாற்பட்ட துயரமாயின், தக்கவரிடம் அவளை அழைத்துச் செல்வோமாக. நெருக்கடிக் காலத்தில் நமக்கு முந்திய தலைமுறை ஆசிரியர்கள் செய்த பணி அது. அதனைத் தொடர்வதற்குப் போர் வேண்டியதில்லை.