ஆட்சிப்பணியும் மொழியாய்வும்: ஹும்போல்ட்டும் எல்லிசும்

1. முன்னுரை

மொழிகளின் வரலாறு புலவர்தம் ஏடுகளில் மட்டுமன்றி அரசாணைகளிலும் எழுதப்படுகின்றது. ஆங்கிலேயர் 1809ஆம் ஆண்டில் பெங்களூரில் படைத்தண்டு நிறுவினர். சென்னை மாகாணப் படையோடு தமிழரும் அங்குக் குடியேறினர். பின்னாளில் அப்பகுதியை ஒட்டி எழுந்த ஆஸ்டின் டவுன் போன்ற இடங்களில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது ஆகியவை இன்றும் அடுத்தடுத்த வீடுகளில் ஒலிப்பதற்கு அந்நிருவாக முடிவும் ஒரு காரணமாகும். அதே 1809இல் பிரஷிய நாட்டுக் கல்வித்துறையின் பொறுப்பை ஏற்றவர் வில்ஹெல்ம் ஃபான் ஹும்போல்ட் (1767-1835). அவர்தம் பணிவாழ்வைச் சென்னை ஆட்சியர் பிரான்சிஸ் வைட் எல்லிசின் (1777-1819) பணியோடு ஒப்பிட்டு, மொழியாய்வு நிலைபெறுதற்கு வேண்டுவது யாது என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. பதவி தந்த மொழிகள்

பிரபுக் குடும்பத்தில் பிறந்த ஹும்போல்ட், 1802 முதல் 1808 வரை ரோமில் பிரஷியத் தூதராக இருந்தார். அங்கு எர்வாஸ் என்னும் அறிஞர் திரட்டி வைத்திருந்த அமெரிக்கப் பழங்குடி மொழிகளின் இலக்கணங்கள் அவருக்குக் கிட்டின. 1817இல் இலண்டன் தூதரானபோது, பிரான்ஸ் பாப்பின் துணையுடன் வடமொழி பயின்றார். அரசுப்பணி அவர்தம் ஆய்வுக்குத் தடையாகவன்றி வாயிலாகவே அமைந்தது.

3. பதினாறு மாதங்கள்

1806இல் நெப்போலியனிடம் தோற்ற பிரஷியா, மறு ஆண்டு உடன்படிக்கையால் தன் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதியை இழந்தது. இந்நெருக்கடியிலேயே ஹும்போல்ட் ஏறத்தாழப் பதினாறு மாதங்கள் கல்விப் பொறுப்பில் இருந்தார். தச்சனும் கிரேக்கம் கற்கலாம் என்பது அவர் கருத்து. தொழிற்பயிற்சிக்கு முன்னர் பொதுக்கல்வி அனைவர்க்கும் உரியது என்றார். ஆய்வையும் கற்பித்தலையும் இணைத்த பெர்லின் பல்கலைக்கழகம் 1810இல் வகுப்புகளைத் தொடங்கியது. அதற்கு அரசு நிலங்களை நிலையான உடைமையாக அளித்தால் அது ஆட்சியாளரின் தயவை எதிர்நோக்க வேண்டாம் என அவர் எண்ணினார். அத்திட்டம் மட்டும் நிறைவேறவில்லை. எனினும், 1821இல் பாப் அங்கு வடமொழிப் பேராசிரியரானதற்கு ஹும்போல்ட்டின் பரிந்துரையே துணைநின்றது.

4. சென்னையில் எல்லிஸ்

எல்லிஸ் 1810இல் சென்னை ஆட்சியரானார். கும்பினி அலுவலர் தென்னக மொழிகளைக் கற்றற்பொருட்டு 1812இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றியது. அதனை உருவாக்கியதில் எல்லிசின் பங்கு முதன்மையானது. கேம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்திற்கு 1816இல் அவர் எழுதிய குறிப்பு, தெலுங்கின் வேர்ச்சொற்கள் வடமொழியினின்று பிறந்தவையல்ல என்றும், தமிழ், கன்னடம் ஆகியவற்றோடு உறவுடையவை என்றும் நிறுவியது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் (1856) வெளிவருவதற்கு நாற்பது ஆண்டுகட்கு முற்பட்டது இது. இச்சான்றுக்கு வேண்டிய வேர்ச்சொற் பட்டியலில் கல்லூரித் தலைமையாசிரியர் பட்டாபிராம சாஸ்திரியின் உழைப்பு உள்ளது.

அதே 1816இல் ஹும்போல்ட் தாம் மொழிபெயர்த்த ஈஸ்கிலசின் ‘அகமெம்னான்’ நாடகத்தை வெளியிட்டார். ஒரு மொழிச்சொல்லுக்குப் பிறிதொரு மொழியில் முற்றிலும் நிகரான சொல் இல்லை என்பதும், மூலத்தின் அயன்மையை மொழிபெயர்ப்பு ஓரளவேனும் உணர்த்தவேண்டும் என்பதும் அதன் முன்னுரைக் கருத்துகள். திருக்குறளை ஆங்கிலமாக்க முனைந்த எல்லிசும் இச்சிக்கலை எதிர்கொண்டவரே.

5. முடிவுரை

1819ஆம் ஆண்டு இருவர்க்கும் திருப்புமுனையாயிற்று. கருத்துரிமையை ஒடுக்கிய கார்ல்ஸ்பாட் ஆணைகளை எதிர்த்த ஹும்போல்ட், அவ்வாண்டின் இறுதியில் பதவி நீக்கப்பட்டார். எஞ்சிய வாழ்நாளை மொழியாய்வுக்கே அளித்தார். எல்லிசோ அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் இராமநாதபுரத்தில் மறைந்தார். நாற்பது வயதுவரை நூல் வெளியிடுவதில்லை என அவர் உறுதிபூண்டிருந்தார் என்பர். அவர்தம் தாள்களுள் பெரும்பகுதி அழிந்தது. ஹும்போல்ட்டின் காவி மொழி ஆய்வு, அவர் மறைவுக்குப் பின்னரும் 1836-39இல் அச்சேறியது.

இவ்வேறுபாட்டை அறிவாற்றலின் வேறுபாடாகக் கொள்ளலாகாது. ஒருவர்க்குத் தாள்களைப் பேணி வெளியிடக் கழகமும் மாணவரும் உடன்பிறந்தாரும் இருந்தனர். மற்றவர்க்கு அவ்வமைப்பு இல்லை. அலுவலரைப் பயிற்றுவிக்கவே எழுந்த கல்லூரி, ஆய்வைக் காக்கும் கருவூலமாக வளரவில்லை. இன்று மொழிபெயர்ப்புத் திட்டங்களை வகுப்போர் இதனைக் கருதுதல் வேண்டும். அச்சேறிய நூலோடு வரைவுகள், சொற்பட்டியல்கள், உடனுழைத்த புலவர்தம் பெயர்கள் ஆகியவற்றையும் பேணினாலன்றி, அடுத்த தலைமுறை மீண்டும் முதலிலிருந்தே தொடங்க நேரும்.