விண்வெளிச் சிம்பன்சிகள் பிறகு என்ன ஆயின?

விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கர் ஆலன் ஷெப்பர்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். அவருக்கு மூன்று மாதங்கள் முன்பே, 1961 ஜனவரி 31-ஆம் நாள், அதே வகை ராக்கெட்டில் சென்று உயிருடன் திரும்பியது ஹாம் என்னும் சிம்பன்சி. நீல விளக்கு எரிந்த ஐந்து வினாடிக்குள் அது நெம்புகோலைத் தள்ள வேண்டும். தவறினால் பாதத்தில் மின்னதிர்ச்சி. எடையற்ற நிலையிலும் அதன் கை ஏறத்தாழத் தரையில் இயங்கிய வேகத்திலேயே இயங்கியது. மனிதனாலும் அங்கே வேலை செய்ய இயலும் என்ற நம்பிக்கை வலுத்தது. பயணம் சுமார் 16 நிமிடம்.

அதன்பின்? 1963 முதல் 17 ஆண்டுகள் வாஷிங்டன் விலங்குக் காட்சிசாலையில், பெரும்பாலும் தனியே! கூட்டமாக வாழும் உயிரினத்துக்கு இது தண்டனையே அல்லவா? 1980-இல்தான் வட கரோலினாவில் அதற்குத் துணை கிடைத்தது. 1983-இல் இறந்தது.

விமானப்படையின் மற்றச் சிம்பன்சிகளும் அவற்றின் வழித்தோன்றல்களும் மருத்துவ ஆய்வுக்குக் கைமாறின. 1997-இல் அவை இனித் தேவையில்லை என்று முடிவு செய்த விமானப்படை, பெரும்பாலானவற்றை ஓர் ஆய்வுக்கூடத்துக்கே கொடுத்துவிட்டது. கரோல் நூன் என்ற ஆய்வாளர் வழக்குத் தொடுத்து 21 சிம்பன்சிகளை மீட்டார். 2002-இல் அந்த ஆய்வுக்கூடம் நொடித்துப்போகவே, மேலும் 266 சிம்பன்சிகள் அவருடைய அமைப்பின் பொறுப்பில் வந்தன.

கூண்டைத் திறந்துவிட்டால் போதாது. தனிமையில் வளர்ந்தவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்கிக் குழுவாக்க வேண்டும்; அவசரப்பட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். புளோரிடாவில் அவற்றுக்காக மூன்று ஏக்கர் அளவில் 12 தீவுகள் அமைக்கப்பட்டன. சிம்பன்சிக்கு நீந்தத் தெரியாது. ஆகவே நீரே வேலி.

நூன் 2009-இல் காலமானார். ஹாம் பறந்து 50 ஆண்டுகள் கழித்து, 2011-இல், கடைசிக் குழு அங்கு வந்து சேர்ந்தது.