கைக்கடிகாரக் கூடும் கீறலும்: ஒரு வரலாறு

கைக்கடிகாரத்தின் உள்பாகங்களைச் சுற்றியிருக்கும் வெளிப்பகுதி கூடு எனப்படும். கடிகாரக் கடைகளில் இதனைக் 'கேஸ்' என்றே சொல்வர். தூசி, நீர், வியர்வை, அடி ஆகியவற்றிலிருந்து உள்ளே இருப்பதைக் காப்பதே கூட்டின் வேலை. ஆயினும் கண்ணில் படுவது கூடுதான் என்பதால், காக்க வந்த கூட்டையே காக்க வேண்டும் என்ற கவலை மனிதர்களுக்கு எழுந்தது. ஸ்மார்ட்வாட்ச் வாங்குவோர் அலுமினியமா, எஃகா, டைட்டானியமா என்று இன்று குழம்புவது இக்கவலையின் தொடர்ச்சியே. எந்தப் பொருள் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதை அறிந்துகொண்டால் பணமும் மிஞ்சும், கவலையும் குறையும்.

கடினமும் உறுதியும்

ஒரு பொருள் கீறலைத் தாங்குவது கடினம் எனப்படும். அடிபட்டாலும் உடையாமல் இருப்பது உறுதி எனப்படும். இவை இரண்டும் வெவ்வேறு பண்புகள். கண்ணாடிக் குவளையை இரும்பு ஆணியால் கீறுவது எளிதன்று. ஆனால் அது கீழே விழுந்தால் நொறுங்கிவிடும். அலுமினியப் பாத்திரத்தில் எளிதாகக் கீறல் விழும். ஆனால் கீழே விழுந்தால் நசுங்குமே தவிர நொறுங்காது.

ஜெர்மானியக் கனிமவியலாளர் பிரெடரிக் மோஸ் 1812-ஆம் ஆண்டில் கனிமங்களைக் கடினத்தின்படி 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். ஒரு கனிமம் தனக்குக் கீழுள்ள எண்ணைக் கொண்டதைக் கீறும். தனக்கு மேலுள்ளதால் கீறப்படும். அவ்வரிசையில் மாக்கல்லுக்கு எண் 1, குவார்ட்சுக்கு 7, நீலக்கல்லும் மாணிக்கமும் சேர்ந்த கொரண்டம் வகைக்கு 9, வைரத்திற்கு 10. இவ்வளவுகோலில் அலுமினியம் 3-ஐ எட்டாது. சாதாரணக் கண்ணாடியும் துருப்பிடிக்காத எஃகும் 5, 6 என்ற எண்களை ஒட்டி நிற்கும். மணலும் வீட்டுத் தூசியும் குவார்ட்சுத் துகள்களைக் கொண்டவை. ஆகவே 7-க்குக் கீழுள்ள எந்தப் பொருளும் அன்றாடத் தூசியால் கீறப்படும். கடிகாரக் கீறல்களின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த ஓர் உண்மையே பெரும்பாலும் போதுமானது.

சட்டைப்பைக் கடிகாரக் காலம்

உடலில் அணிந்து செல்லத்தக்க கடிகாரங்கள் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் போன்ற நகரங்களில் உருவாயின. அந்நகரத்துப் பூட்டுத் தொழிலாளி பீட்டர் ஹென்லைன் இவற்றின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். பின்னர் வெள்ளியும் தங்கமும் கூட்டிற்குரிய பொருள்களாயின. இவ்விரு உலோகங்களும் மென்மையானவை. சட்டைப்பையில் நாணயங்களோடு உரசினாலே தேயக்கூடியவை.

இதற்கு அக்காலத்தவர் கண்ட தீர்வு இரட்டைக் கூடு. இயந்திரம் இருக்கும் உட்கூட்டின்மேல் மற்றொரு வெளிக்கூடு மாட்டப்பட்டது. வெளிக்கூட்டின்மேல் தோல் ஒட்டுவதும் உண்டு. இன்று கைப்பேசிக்கும் ஸ்மார்ட்வாட்சுக்கும் மேலுறை மாட்டும் பழக்கத்திற்கு இது 300 ஆண்டுகளுக்கு முந்தைய முன்மாதிரி எனலாம். 19-ஆம் நூற்றாண்டில் கண்ணாடியை மூடும் உலோக மூடியுடன் கூடிய 'ஹண்டர்' வகைக் கடிகாரங்கள் புகழ் பெற்றன. வேட்டைக்குச் செல்வோர் கண்ணாடி உடையாமல் எடுத்துச் செல்ல ஏற்றதாக இருந்ததால் இப்பெயர் வந்தது.

போர்க்களமும் போலோ மைதானமும்

கடிகாரம் சட்டைப்பையிலிருந்து மணிக்கட்டுக்கு வந்ததும் கீறலும் அடியும் பன்மடங்காகின. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் இருந்த வீரர்களுக்குக் கையைத் திருப்பிய உடனே நேரம் தெரிய வேண்டியிருந்தது. அவர்களின் கைக்கடிகாரங்களில் கண்ணாடியின்மேல் உலோகச் சட்டம் ஒன்று பொருத்தப்பட்டது. அதன் இடைவெளிகள் வழியாக முட்களைப் பார்த்து நேரம் அறிந்தனர்.

அடுத்த புகழ்பெற்ற தீர்வு இந்தியாவோடு தொடர்புடையது. இந்தியாவில் போலோ விளையாடிய ஆங்கிலேய அதிகாரிகளின் கடிகாரக் கண்ணாடிகள் மட்டையடியால் உடைந்தன. 1930-ஆம் ஆண்டு வாக்கில் இந்தியா வந்திருந்த சுவிஸ் வணிகர் சேசார் டி ட்ரேயிடம் அவர்கள் இதைக் கூறியதாக ஜெகர்-லெகூல்த்ர் நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. கூட்டையே புரட்டிக் கண்ணாடியை மணிக்கட்டுப் பக்கம் மறைத்துக்கொள்ளும் அமைப்பைப் பிரெஞ்சுப் பொறியாளர் ரெனே-ஆல்பிரட் ஷோவோ வடிவமைத்தார். 1931 மார்ச்சு 4 அன்று பாரிசில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்ட இக்கடிகாரம் 'ரிவர்சோ' என்ற பெயரில் இன்றும் விற்பனையாகிறது. கடினமான பொருளைத் தேடாமல், அடிபடும் பக்கத்தை மாற்றியமைத்த தீர்வு இது.

துருப்பிடிக்காத எஃகு

இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி 1913-இல் குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். துப்பாக்கிக் குழல்கள் தேயாமல் இருக்க வழி தேடியபோது அவருக்குக் கிடைத்தது இது. 1930-களில் இவ்வகை எஃகு கடிகாரக் கூடுகளுக்குப் பரவலாகப் பயன்பட்டது. வெள்ளியைவிடக் கடினமானது, வியர்வையில் கறுக்காது, விலையும் குறைவு.

எஃகுக்கு மற்றொரு நற்குணமும் உண்டு. அதன் உட்பகுதியும் மேற்பரப்பும் ஒரே பொருள் என்பதால், கீறல் விழுந்தாலும் மெருகு போட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். ஒவ்வொரு முறை மெருகிடும்போதும் சிறிதளவு உலோகம் தேய்ந்து விளிம்புகள் மழுங்கும் என்பதே குறை.

அதே காலத்தில் அக்ரிலிக் என்னும் நெகிழிக் கண்ணாடியும் பரவியது. இது எளிதில் கீறப்படும்; ஆனால் சில்லாகச் சிதறாது. 1969-இல் நிலவில் இறங்கிய விண்வெளி வீரர்களுக்கு வழங்கப்பட்ட ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கடிகாரங்களில் இருந்தது அக்ரிலிக் கண்ணாடியே. விண்கலத்திற்குள் கண்ணாடித் துகள் மிதப்பது பேராபத்து. அங்கே கீறல் பொருட்டன்று, உடையாமையே தேவை.

கீறாத கடிகாரத்தைத் தேடி

பிரெஞ்சு வேதியியலாளர் ஆகுஸ்ட் வெர்னூய் 1902-இல் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். அலுமினியம் ஆக்சைடுத் தூளைச் சுடரில் உருக்கிப் படிகமாக வளர்க்கும் முறை அது. அதே வழியில் நிறமற்ற செயற்கை நீலக்கல்லும் கிடைத்தது. இதைத் தகடாக அறுத்து மெருகிட்டால் மோஸ் எண் 9 கொண்ட கடிகாரக் கண்ணாடி உருவாகும்.

சுவிட்சர்லாந்தின் ராடோ நிறுவனம் 1962-இல் நீலக்கல் கண்ணாடியையும் டங்ஸ்டன் கார்பைடு கூட்டையும் சேர்த்து 'டயஸ்டார்' கடிகாரத்தை வெளியிட்டது. உலோகங்களைக் குடையும் கருவிகளின் முனைக்குப் பயன்படும் பொருளே டங்ஸ்டன் கார்பைடு. கீறல் விழாத கடிகாரம் என்று விளம்பரம் செய்யப்பட்ட அது இந்தியாவிலும் பெரும் மதிப்புப் பெற்றது. பளபளப்பு மங்காத அதன் நீள்வட்டக் கூடு, வெளிநாட்டில் வேலை செய்து ஊர் திரும்புவோரின் கையில் ஓர் அடையாளமாகவே விளங்கியது.

1970-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனம் எக்ஸ்-8 என்னும் முதல் டைட்டானியக் கைக்கடிகாரத்தை வெளியிட்டது. டைட்டானியம் எஃகின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடே இருக்கும். தோலுக்கு ஒவ்வாமை தருவது மிக அரிது. ஆனால் தூய டைட்டானியத்தில் எளிதாகச் சிராய்ப்பு விழும். அலுமினியமும் வனேடியமும் கலந்த 5-ஆம் தரக் கலவை அதைவிடக் கடினமானது.

1986-இல் ஐ.டபிள்யூ.சி. நிறுவனம் தனது 'டா வின்சி' கடிகாரத்திற்குச் சிர்கோனியம் ஆக்சைடு பீங்கான் கூட்டைப் பயன்படுத்தியது. இப்பீங்கானின் கடினம் எஃகைப்போல் பல மடங்கு. அன்றாடத் தூசியோ சாவியோ அதில் கோடு போடாது. ஆனால் கல் தரையில் விழுந்தால் விரிசல் விடக்கூடும். விரிசல் விட்ட பீங்கானை மெருகிட்டுச் சரிசெய்ய இயலாது. முழுக் கூட்டையும் மாற்ற வேண்டும்.

1983-இல் வெளிவந்த இரு கடிகாரங்கள் எதிர்த்திசையில் சென்றன. கேசியோ நிறுவனத்தின் ஜி-ஷாக், கண்ணாடியைவிட உயர்ந்த விளிம்புடன் மென்மையான நெகிழியால் அடியை வாங்கிக்கொண்டது. சுவிட்சர்லாந்தின் ஸ்வாட்ச், நெகிழிக் கூட்டை மலிவாகவும் வண்ணமயமாகவும் தந்து, கீறல் ஒரு பெரிய செய்தியே அல்ல என்று ஆக்கியது.

இந்தியாவில்

பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி., சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் 1961-இல் பெங்களூரில் கைக்கடிகார உற்பத்தியைத் தொடங்கியது. ஜனதா போன்ற சாவி கொடுக்கும் கடிகாரங்கள் தலைமுறைகளாக ஆசிரியர்கள், அலுவலர்கள், மாணவர்கள் கைகளில் ஓடின. அவற்றின் அக்ரிலிக் கண்ணாடியில் விழும் மெல்லிய கீறல்களைப் பற்பசையும் துணியும் கொண்டு வீட்டிலேயே தேய்த்துப் போக்குவர். முற்றிலும் மங்கினால் கடைத்தெருவில் கடிகாரம் பழுதுபார்ப்பவர் புதுக் கண்ணாடி மாட்டித் தருவார்.

அக்கால மலிவுக் கடிகாரங்கள் பலவற்றில் பின்மூடி மட்டுமே எஃகு. மேற்கூடு முலாம் பூசிய உலோகம். சில ஆண்டு வியர்வையில் முலாம் உரிந்து அடியிலுள்ள பித்தளை தெரியும். மேல்பூச்சை நம்பிய கூடு எதுவாயினும் இந்தக் குறை அதற்கு உண்டு.

1984-இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து டைட்டன் நிறுவனத்தை நிறுவின. அதன் கடிகாரத் தொழிற்சாலை ஓசூரில் அமைந்தது. டாட்டா, தமிழ்நாடு என்ற இரு பெயர்களின் ஆங்கில எழுத்துகளிலிருந்து வந்த பெயரே டைட்டன்; டைட்டானியத்தைக் குறிப்பதன்று.

ஸ்மார்ட்வாட்ச் காலம்

2012-இல் இணையவழி மக்கள் நிதி திரட்டி உருவான பெப்பிள், நெகிழிக் கூட்டுடன் வந்தது; 2014-இல் எஃகு வகையும் வெளியானது. 2015 ஏப்ரல் 24 அன்று விற்பனைக்கு வந்த ஆப்பிள் வாட்ச் ஒரே கருவியை 3 உலோகக் கூடுகளில் தந்தது. மலிவான வகைக்கு அலுமினியம், அடுத்ததற்கு எஃகு, உயர்ந்ததற்கு 18 காரட் தங்கம். உள்ளே இருந்தவை ஒன்றே. விலையை நிர்ணயித்தவை கூடும் கண்ணாடியும் வாருமே. பின்னர் 2016-இல் பீங்கானும், 2019-இல் டைட்டானியமும் சேர்ந்தன.

அலுமினியக் கூட்டின் நிறம் சாயப்பூச்சு அன்று. மின்வேதி முறையில் மேற்பரப்பையே ஆக்சைடாக மாற்றி, அதன் நுண்துளைகளில் நிறம் ஏற்றப்படுகிறது. அந்த ஆக்சைடுப் படலம் மிகக் கடினமானது. ஆனால் முடியைவிட மெல்லியது. ஆழமான கீறல் அதைக் கடந்தால் அடியிலுள்ள வெள்ளி நிற உலோகம் தெரியும். கறுப்புக் கூட்டில் இது பளிச்செனத் தெரியும். வெள்ளி நிறக் கூட்டில் எளிதில் தெரியாது. எஃகைப்போல் மெருகிட்டால் நிறமும் போய்விடும்.

கண்ணாடியிலும் வேறுபாடு உண்டு. அலுமினிய வகைகளில் பொதுவாக இருப்பது வேதிமுறையில் வலுவூட்டிய கண்ணாடி. உருகிய பொட்டாசியம் உப்பில் அமிழ்த்தும்போது, கண்ணாடியின் மேற்பரப்பிலுள்ள சிறிய சோடிய அயனிகளின் இடத்தைப் பெரிய பொட்டாசிய அயனிகள் பிடித்துக்கொள்வதால் அது இறுக்கம் பெறுகிறது. இது அடியைத் தாங்கும். மணல் பட்டால் கீறும். விலையுயர்ந்த வகைகளில் உள்ள நீலக்கல் கண்ணாடியை மணல் கீறாது. ஆனால் விளிம்பில் பலத்த அடி விழுந்தால் உடையலாம்.

கீறல் விழும் விதம்

பெரும்பாலான கீறல்கள் பெரிய விபத்துகளால் வருவதில்லை. மதில் சுவர், கதவின் தாழ்ப்பாள், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், கருங்கல் மேடை ஆகியவையே முதன்மைக் காரணங்கள். இன்றைய சமையலறை மேடைகளின் கிரானைட்டில் குவார்ட்சு உண்டு. அது எஃகையும் சாதாரணக் கண்ணாடியையும் கீறும்.

நீலக்கல் கண்ணாடியில் சாவி உரசியபின் தெரியும் கோடு பல வேளைகளில் கீறலே அன்று. கரும்பலகையில் சுண்ணக்கட்டி தன் துகளை விட்டுச் செல்வதுபோல, மென்மையான சாவி தன் உலோகத்தைக் கண்ணாடிமேல் விட்டுச் செல்கிறது. துடைத்தால் அது போய்விடும்.

காப்புக்காக மாட்டும் நெகிழி மேலுறையும் சில வேளைகளில் தீங்கு செய்யும். உறைக்கும் கூட்டிற்கும் இடையே சிக்கிய மணல், கையசைவில் உப்புத்தாள் போலத் தேய்க்கும். அவ்வப்போது கழற்றிக் கழுவித் துடைத்து மாட்டுவதே முறை.

கூடும் ஆயுளும்

பழைய கடிகாரத்தில் கூடு முதுமையடைந்தது. இயந்திரம் எண்ணெயிட்டால் ஓடியது. ஸ்மார்ட்வாட்சில் இது தலைகீழாகிவிட்டது. 2015-இல் 10,000 டாலர் முதல் விற்கப்பட்ட தங்க ஆப்பிள் வாட்சுக்கு 2018-இல் வந்த வாட்ச் ஓஎஸ் 5 மென்பொருள் கிடைக்கவில்லை. தங்கம் தன் மதிப்பை இழக்கவில்லை. உள்ளே இருந்த கருவி மூன்றே ஆண்டுகளில் பின்தங்கியது. பெப்பிள் நிறுவனமோ 2016 இறுதியில் செயல்பாட்டை நிறுத்தியது. லித்தியம் மின்கலத்தின் சேமிப்புத் திறனும் சில ஆண்டுகளில் குறைந்துவிடும். பசையிட்டு மூடப்பட்ட கூட்டைத் திறந்து மின்கலம் மாற்றுவது, திருகுமூடி கொண்ட பழைய கடிகாரத்தைத் திறப்பதுபோல் எளிதன்று.

ஆகவே கூட்டின் பொருளைத் தேர்வு செய்வோர் இரு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது பயன் தரும். கருவி எத்தனை ஆண்டு உழைக்கும்? அக்காலம் முழுவதும் அது எங்கே உரசப்போகிறது? மூன்று நான்கு ஆண்டுகளில் மாற்றப்படும் கருவிக்கு வெள்ளி நிற அலுமினியமே போதும். மணலிலும் கல்லிலும் வேலை செய்வோருக்கு நீலக்கல் கண்ணாடிக்குத் தரும் கூடுதல் விலை தகும். பீங்கான், தூசிக்கு அஞ்சாது, தரைக்கு அஞ்சும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய மின்கல ஒழுங்குமுறை, கையடக்கக் கருவிகளின் மின்கலங்களைப் பயனரே கழற்றி மாற்றத்தக்கவாறு அமைக்க வேண்டும் என்று சில விதிவிலக்குகளுடன் கூறுகிறது. இவ்விதி 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வரவேண்டும். 400 ஆண்டுகளாகக் கூட்டின் வெளிப்புறத்தைப் பற்றியே இருந்த கவலை, இப்போது அதன் திறப்பைப் பற்றியதாகவும் மாறி வருகிறது.