சொல்லப்படாத அதிகாரம்

சட்டமன்றத்துக்குரிய அதிகாரங்களை அரசியல் திட்டம் எண்ணி எழுதிவிட்டால், எழுதப்படாதவை யாவும் மறுக்கப்பட்டவையோ? ஐக்கிய அமெரிக்கா இவ்வினாவைத் தன் தொடக்கக் காலத்திலேயே எதிர்கொண்டது.

1787ஆம் ஆண்டில் வரையப்பட்ட அந்நாட்டின் அரசியல் திட்டம், வரி விதித்தல், கடன் பெறுதல், வணிகத்தை ஒழுங்குபடுத்தல், படை திரட்டல் முதலியவற்றைக் காங்கிரசுக்கு அளித்தது. அவற்றை நிறைவேற்றத் தேவையும் பொருத்தமுமான சட்டங்களை இயற்றலாம் என்றும் கூறியது. வங்கியைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. 1791இல் தேசிய வங்கி நிறுவ முற்பட்டபோது, 'தேவை' என்பது இன்றியமையாமையையே குறிக்கும் என்று ஜெபர்சன் வாதிட்டார். நோக்கத்துக்குப் பயன்படும் வழியும் அதில் அடங்கும் என்றார் ஹமில்டன். ஜனாதிபதி வாஷிங்டன் ஹமில்டனின் கருத்தை ஏற்று ஒப்பமிட்டார்.

1816இல் இரண்டாம் வங்கி எழுந்தது. 1818இல் மேரிலாந்து மாநிலம் அதற்கு வரி விதிக்க, பால்ட்டிமோர்க் கிளைக் காசாளர் மக்கலக் செலுத்த மறுத்தார். வழக்கு உயர் நீதிமன்றத்தை அடைந்தது. 1819 மார்ச் 6ஆம் நாள் பிரதம நீதியரசர் ஜோன் மார்ஷல் ஒருமித்த தீர்ப்பை வழங்கினார். நோக்கம் அரசியல் திட்டத்துக்கு உட்பட்டதாயின், அதற்கு ஏற்றதும் விலக்கப்படாததுமான வழியைக் காங்கிரசு தெரிந்துகொள்ளலாம். வரி விதிக்கும் வல்லமை அழிக்கும் வல்லமையையும் உட்கொண்டதாகையால், மாநிலத்தின் வரி செல்லாது.

ஆயினும், நீதிமன்றம் 'செய்யலாம்' என்றதேயன்றிச் 'செய்க' எனக் கட்டளையிடவில்லை. 1832இல் ஜனாதிபதி ஜாக்சன் வங்கிப் பட்டயத்தைப் புதுப்பிக்கும் மசோதாவை நிராகரித்தார். 1836இல் பட்டயம் முடிவெய்தியது. அதிகாரம் உண்டு என்பது வேறு. அதைப் பயன்படுத்துதல் நன்று என்பது வேறு. முன்னதை நீதிமன்றம் தீர்க்கலாம். பின்னதை மக்களும் அவர்தம் பிரதிநிதிகளுமே தீர்க்கவேண்டும்.